இரண்டுங்கெட்டான் வயது வீரர்கள்

நீங்கள் எப்போதாவது ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதுண்டா? "உண்டு" என்றால் இந்தக் கட்டுரை உங்களைப் பற்றியதுதான். "இல்லை" என்றால், படித்து முடித்த பிறகாவது ஒரு கடிதம் எழுதத் தோன்றாதா என்பது என் நப்பாசை.

பத்திரிகை ஆபீஸில் உத்தியோகம் பார்க்கிற எனக்கு, வாசகர் கடிதங்களைப் படிப்பதும் வேலைகளில் ஒன்று. வருகிற கடிதங்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம். முதல் ரகம், "கதை பிரமாதம்!" இரண்டாம் ரகம், "கதையா இது?" இந்த இரண்டிலும் ஆபத்து இல்லை. மூன்றாவது ரகம்தான் விசேஷம். "தொடர்கதையில் வரும் அந்தப் பெண்ணைத் தயவு செய்து வக்கீலுக்குக் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள். அவன் முழியே சரியில்லை. பேசாமல் அந்த டிராயிங் மாஸ்டருக்கே கொடுங்கள். சம்பளம் குறைவானால் என்ன?" என்று எழுதுவார்கள். சொந்தத் தங்கைக்கு வரன் பார்ப்பது போல அத்தனை கவலை! இவர்கள் கதையைப் படிப்பவர்கள் அல்ல; கதைக்குள் குடித்தனம் வந்துவிட்டவர்கள்.

இந்த மூன்றாம் ரகக் கடிதங்களை வயது வந்தவர்கள் எழுதினால் நாம் சிரித்துவிட்டுப் போகலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் எழுதினால்? அப்படி அமெரிக்கப் பிள்ளைகள் எழுதிய கடிதங்களால் நடந்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

குழந்தையும் இல்லை, பெரியவனும் இல்லை என்கிற வயது ஒன்று இருக்கிறதே, அதற்கு நம் பாட்டிமார் வைத்த பெயர் இரண்டுங்கெட்டான் வயது. அமெரிக்கச் சித்திரக் கதைகளில் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வெகுகாலம் எடுபிடி உத்தியோகம்தான். பெரிய வீரர் ஒருவர் இருப்பார். முகமூடி, அங்கி, ஆகாயத்தில் பாய்ச்சல் எல்லாம் அவருக்கு. கூடவே ஒரு பையன். வில்லன் கையில் அகப்பட்டுக் கட்டுண்டு கிடப்பதும், பெரியவர் வந்து அவிழ்த்துவிட்டதும், "ஆகா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று வியப்பதும் அவன் வேலை.

1958-ம் வருஷம் ஏப்ரல் மாதத் தேதியிட்டு 'அட்வெஞ்சர் காமிக்ஸ்' இதழின் 247-ம் எண் வெளிவந்தது. விலை பத்து சென்ட். அதில் சூப்பர்மேனின் பையன் பருவத்துக் கதைகள் வந்துகொண்டிருந்தன. சூப்பர்பாய் என்று பெயர். ஓட்டோ பைண்டர் கதை எழுதினார். ஆல் பிளாஸ்டினோ படம் போட்டார். ஆயிரம் வருஷத்துக்குப் பிந்திய, முப்பதாம் நூற்றாண்டிலிருந்து மூன்று பேர் சூப்பர்பாயைத் தேடி வருகிறார்கள். மூவரும் அவனைப் போலவே சிறுசுகள். ஒருவன் காந்த சக்தி படைத்தவன். ஒருத்தி பிறர் மனத்தில் நினைப்பதை அறிபவள். இன்னொருவன் மின்னலை ஏவுபவன். "எங்கள் சங்கத்தில் சேருகிறாயா?" என்று கூட்டிப் போய்ப் போட்டி வைக்கிறார்கள். உலகத்தையே தூக்கி நிறுத்தும் சூப்பர்பாய் ஒவ்வொரு போட்டியிலும் தோற்கிறான்! கடைசியில் பார்த்தால், தோல்வியை முகம் கோணாமல் ஏற்றுக்கொள்கிறானா என்று பார்ப்பதற்காக அவர்கள் செய்த தமாஷ் அது. சங்கத்தில் இடம் கிடைத்துவிடுகிறது. சுபம்.

ஆசிரியர் குழு அத்தோடு அதை மறந்துவிட்டது. மாதாமாதம் எத்தனையோ கதை! அதில் இது ஒன்று. ஆனால் தபால்காரர் மறக்கவிடவில்லை. "அந்த மூன்று பேர் மறுபடி எப்போது வருவார்கள்?" என்று கேட்டுப் பிள்ளைகளிடமிருந்து கடிதங்கள் வந்தன. கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். சூப்பர்பாயாகப் பிறக்க வேண்டுமென்றால் வேறு கிரகத்தில் பிறக்க வேண்டும். ஆனால் ஒரு சங்கத்தில் சேருவதற்கு விண்ணப்பம் போட்டால் போதும் அல்லவா? பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் கோஷ்டியில் தன்னைச் சேர்த்துக்கொள்ளமாட்டார்களா என்று வேலியோரம் நின்று ஏங்கிய எந்தப் பையனுக்கும் இது விளங்கும்.

1959 டிசம்பரில் அந்தப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பிறகு அடிக்கடி வந்தார்கள். 1962 செப்டம்பரில், அதே பத்திரிகையின் 300-வது இதழிலிருந்து அவர்களுக்கென்றே தனித் தொடர் ஆரம்பமாகிவிட்டது. 'லீஜன் ஆப் சூப்பர் ஹீரோஸ்', அதாவது 'அதிசய வீரர் படை' என்பது தொடரின் பெயர்.

படை என்றால் சட்டதிட்டம் வேண்டாமா? ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு சக்தி இருக்க வேண்டும். பதினெட்டு வயதைத் தாண்டியவர்களுக்கு இடமில்லை. இந்த வயது விதியை எவ்வளவு கறாராக அனுசரித்தார்கள் தெரியுமா? சூப்பர்மேனின் சிற்றப்பா மகள் சூப்பர்கேர்ல் 1960-ல் வந்து விண்ணப்பம் போடுகிறாள். ஒரு மாயக் கல்லின் கோளாறினால் அவள் சற்று நேரம் வயது முதிர்ந்த பெண்ணாக மாறிவிடுகிறாள். "வயது கடந்துவிட்டது, அம்மணி!" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சிபாரிசு பலிக்கவில்லை. அடுத்த வருஷம் மறுபடி வந்துதான் சேர்ந்தாள். பெரியவர்கள் வெளியே நிற்க, பிள்ளைகள் உள்ளே இருந்து "இடமில்லை" என்று சொல்கிற கதை! பன்னிரண்டு வயது வாசகனுக்கு இதைவிட இனிப்பான சங்கதி உண்டா?

இனி, கடிதங்களின் வைபவத்தைக் கேளுங்கள். படையில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன சக்தி, தலைவர் யார், அவருக்குப் பதவிக்காலம் எவ்வளவு என்று ஒரே விசாரணை. இதற்கென்று பத்திரிகையில் தனிப் பகுதியே திறந்தார்கள். "இந்த மாதிரி ஒரு வீரனைச் சேருங்களேன்" என்று வாசகர்கள் புதுப்புது வீரர்களைக் கற்பனை செய்து எழுதினார்கள். பத்திரிகை அவற்றை வெளியிட்டது. 1960-களின் நடுவில் படைத் தலைவர் தேர்தலே வாசகர் கைக்கு வந்துவிட்டது. கடிதத்தில் ஓட்டுப் போட வேண்டியது. எண்ணிப் பார்த்து, ஜெயித்தவரைக் கதையில் தலைவராக்கிவிடுவார்கள். நிஜத் தேர்தலில் ஓட்டுப் போட வயது வராத பிள்ளைகள், முப்பதாம் நூற்றாண்டுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள்!

படையில் சேர்ந்த ஆசாமிகளும் ஒரு தினுசுதான். பந்து போல ஊதிக்கொண்டு துள்ளுகிறவன் ஒருவன். கல், இரும்பு, எது கிடைத்தாலும் தின்று தீர்க்கிறவன் இன்னொருவன். (இந்த இரண்டாவது சக்தி படைத்த பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு, என்ன, கல்லையும் இரும்பையும் மட்டும் விட்டுவைக்கிறார்கள்.) விண்ணப்பம் தள்ளுபடியான பிள்ளைகள் மனம் தளராமல் கூடித் தனியாக ஒரு 'மாற்று வீரர் படை' அமைத்துக்கொண்டதாக 1963-ல் ஒரு கதை வந்தது. கோஷ்டியில் இடம் கிடைக்காதவர்களுக்கென்று எழுதிய அந்தக் கதையைப் படித்து, எத்தனை பிள்ளைகளுக்குக் கண் கலங்கியதோ!

இந்தப் பத்திரிகைக்கு ஆசிரியர் மார்ட் வைசிங்கர். மகா கண்டிப்பானவர் என்று அவரிடம் வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கெட்டிக்காரர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பிடித்து, "உங்களுக்கு எந்த மாதிரிக் கதை வேண்டும்?" என்று கேட்பாராம். அவர்கள் சொன்னதை வைத்துக் கதை பண்ணச் சொல்வாராம்.

அவரிடம் ஒரு நாள் ஒரு தபால் வந்தது. அது கடிதம் இல்லை. ஒரு முழுக் கதை!

அதன் பின்னால் இருந்த சங்கதியைச் சொல்கிறேன். பிட்ஸ்பர்க் நகரத்தில் ஜிம் ஷூட்டர் என்று ஒரு பையன். 1951-ல் பிறந்தவன். தகப்பனார் இரும்பாலைத் தொழிலாளி. வீட்டில் எப்போதும் பணமுடை. பன்னிரண்டு வயதில் பையன் ஆஸ்பத்திரியில் படுத்தான். பிள்ளைகள் பிரிவில் பழைய சித்திரக் கதைப் புத்தகங்கள் கிடந்தன. படித்தான். மார்வெல் என்ற போட்டிக் கம்பெனியின் புத்தகங்கள் கசங்கிக் கிழிந்து கிடந்தன. சூப்பர்மேன் கம்பெனியின் புத்தகங்கள் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. ஏன் என்று யோசித்தான். மார்வெல் கதைகளில் வீரனுக்கும் வீட்டுக் கவலை உண்டு. அதன் 'ஸ்பைடர்மேன்' 1962-ல் வந்தவன், பள்ளிக்கூடப் பையன், வாடகைக்கும் மருந்துக்கும் காசில்லாத வீடு. அவன் யாருக்கும் எடுபிடி இல்லை, அவனேதான் கதாநாயகன். வீரர் படையில் இத்தனை பிள்ளைகள் இருந்தும், ஒருவருக்காவது இப்படி உயிர் இல்லையே என்று ஷூட்டருக்குத் தோன்றியது.

சாதாரண வாசகனாயிருந்தால், "கதையா இது?" என்று கடிதம் போட்டிருப்பான். இவன் என்ன செய்தான்? கதை எழுதும் விதத்தைப் புத்தகம் புத்தகமாகப் பார்த்துப் படித்துக்கொண்டான். 1965 கோடை விடுமுறையில், பதின்மூன்று வயதில், வீரர் படைக்கு ஒரு கதை எழுதி, கட்டம் கட்டமாகப் படத்துக்குக் கோடும் போட்டு, தபாலில் சேர்த்துவிட்டான். வைசிங்கர் இன்னும் எழுதச் சொன்னார். எழுதினான். 1966 பிப்ரவரியில் கதைகளை விலைக்கு வாங்கிக்கொள்வதாகத் தொலைபேசியில் சொன்னார். எழுதியவன் பதினான்கு வயதுப் பையன் என்று முதலில் அவருக்குத் தெரியாது! பிற்பாடு வேலை விஷயமாக நியூயார்க்குக்கு அழைத்தபோது, பையன் அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

1966 ஜூலை இதழில் கதை வந்தது. நான்கு புதுப் பிள்ளைகள் படையில் சேருகிறார்கள். நால்வரில் ஒருவன் துரோகி. யார்? வாசகர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். சந்தேகம் 'கராத்தே கிட்' என்ற பையன் மேல் விழுகிறது, குற்றவாளியோ வேறொருவன். கையையும் காலையும் தவிர வேறு அதிசயம் இல்லாத, பழகிப் பழகித் தேர்ந்த வீரன் இந்தக் கராத்தே கிட். பிட்ஸ்பர்க் பையன் தன்னையே எழுதிக்கொண்டான் என்று எனக்குப் படுகிறது.

அந்த நால்வரில் இன்னொருவன் 'பெரோ லாட்'. இரும்பாக மாறுகிறவன், எப்போதும் முகமூடி அணிந்தவன். முகமூடியை எடுக்கும்போது உள்ளே இருப்பது ஒரு கறுப்பினப் பையன் என்று காட்ட வேண்டும் என்பது தன் ஆசை என்றும், தெற்கு மாகாணங்களில் பத்திரிகையை விற்கமாட்டார்கள் என்று வைசிங்கர் மறுத்துவிட்டார் என்றும் ஷூட்டர் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். 1967 பிப்ரவரி இதழில் பெரோ லாட் சூரியனை விழுங்க வரும் ஒரு ராட்சதனை அழிக்கத் தன் உயிரைக் கொடுத்தான். முகமூடி கழறாமலே போய்விட்டான்.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நிற்போம். பதினான்கு வயதுப் பையனுக்கு நியாயமாகத் தோன்றியது, அனுபவம் மிக்க ஆசிரியருக்கு வியாபாரத்துக்கு ஆகாததாகத் தோன்றியது. பிள்ளைகளின் கடிதத்தைக் கேட்டே பத்திரிகை நடத்தியவர், கேட்கவேண்டிய ஒன்றைக் கேட்காமல் விட்டார்.

அந்த முகமூடி கழற எத்தனை வருஷம் ஆயிற்று என்று பார்ப்போமா? கறுப்பின வீரர்கள் மற்றப் பத்திரிகைகளில் மெல்ல மெல்ல வந்தார்கள். நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றி அல்ல. 2014 பிப்ரவரியில் வெளிவந்த 'மிஸ் மார்வெல்' என்ற புத்தகத்தைப் பற்றி.

அதன் கதாநாயகி கமலா கான். வயது பதினாறு. நியூஜெர்ஸி மாகாணத்து ஜெர்ஸி சிட்டியில் வசிக்கும் பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பத்துப் பெண். அவளுக்கு எது பொழுதுபோக்கு தெரியுமா? அதிசய வீரர்களைப் பற்றித் தானாகவே கதை கட்டி எழுதுவது! அதாவது, அவளும் மூன்றாம் ரகம். வீரர்களைப் பற்றிக் கடிதம் எழுதிய வாசகியே இப்போது வீரர் ஆகிவிட்டாள். நியூஜெர்ஸியில் வளர்ந்த பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்ணான சனா அமனத் அப்போது மார்வெல் கம்பெனியில் ஆசிரியையாக இருந்தார். அவர் தம் சிறுவயதுச் சம்பவங்களைச் சக ஆசிரியர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னதில் பிறந்தவள் கமலா. கதை எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், படம் அட்ரியன் அல்போனா.

2013 நவம்பரில் அறிவிப்பு வந்ததுமே, புத்தகம் கண்ணில் படுமுன்பே, சண்டை ஆரம்பமாகிவிட்டது. "முஸ்லிம் பெண்ணை எதற்கு வீராங்கனையாக்க வேண்டும்? ஊருக்கு நல்லவர்களாக வேஷம் போடுகிறார்கள்" என்றார்கள் ஒரு சாரார். "எங்களைப் பற்றி ஏதாவது ஏறுமாறாக எழுதித் தொலைக்கப் போகிறார்களே!" என்று அஞ்சினார்கள் இன்னொரு சாரார். புத்தகம் வந்தது. விற்றுத் தீர்ந்து, மறுபதிப்பு மேல் மறுபதிப்புப் போட்டார்கள். அதுவரை சித்திரக் கதைக் கடைப் பக்கமே எட்டிப் பார்க்காத பெண்கள் தேடிப் போய் வாங்கினார்கள். 2015-ல் அதன் முதல் தொகுதிக்கு ஹ்யூகோ பரிசு கிடைத்தது.

முதல் தொகுதியில் எனக்குப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. இரவில் வீட்டுக்குத் தெரியாமல் நழுவிப் போன கமலாவுக்கு வரம் கிடைக்கிறது. அவள் உடனே தன் அபிமான வீராங்கனை காப்டன் மார்வெலைப் போலப் பொன்னிறக் கூந்தலும் வெள்ளை மேனியுமாக மாறிவிடுகிறாள். ஆசைப்பட்டது கிடைத்தாயிற்று. ஆனால், கூந்தல் முகத்தில் விழுகிறது; உடை உறுத்துகிறது. பிறர் உருவத்தில் இருப்பது சுகமில்லை என்று கண்டுகொண்டு, தன் உருவத்திலேயே வீராங்கனையாக இருக்கப் பழகுகிறாள். பெரோ லாடின் முகமூடி இங்கேதான் கழன்றது என்பேன்.

என் அக்காள் மகள் பதினான்கு வயதுப் பெண். அவள் இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? பரிசைப் பற்றியும் சொல்லவில்லை. மதத்தைப் பற்றியும் சொல்லவில்லை. "மாமா, இவங்க வீட்லயும் நம்ம வீடு மாதிரியே திட்டறாங்க. 'இந்நேரத்துக்கு எங்கே போய்ட்டு வரே?'ன்னு அம்மா கேக்கறாங்க. ஆனா இந்த அண்ணன் மட்டும் சரியில்லை. நானா இருந்தா அவனை வேற மாதிரி எழுதியிருப்பேன்" என்றாள். முதல் வாக்கியத்தில் ரசிகை. கடைசி வாக்கியத்தில் ஆசிரியை! இடையில் மூச்சுக்கூட விடவில்லை.

வாசகர் அபிமானம் எதுவரை போகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2015 ஜனவரியில் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்து பஸ்களில், முஸ்லிம்களைத் தூஷித்து ஓர் அமைப்பு விளம்பரம் ஒட்டியிருந்தது. ஒரு நாள் பார்த்தால், அந்த விளம்பரங்களின் மேல் கமலா கானின் படம்! வெறுப்பு வேண்டாம் என்ற வாசகங்களுடன் யாரோ ஒட்டிவிட்டிருந்தார்கள். கதைப் புத்தகத்திலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து, ஊர்ச் சுவரில் நின்று வழக்காடியது போல இருந்தது அது.

ஷூட்டர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1969 வரை வீரர் படைக்கு எழுதினார். 1978 முதல் 1987 வரை மார்வெலுக்கே தலைமை ஆசிரியராக இருந்தார். 2025-ல் காலமானார். புகழ் இருந்தது, ஆனால் அந்தச் சிறு வயதில் அவருக்குக் கிடைத்த பேனாவுக்குக் கொடுத்த விலையும் இருந்தது. பள்ளிக்கூடமும் படித்து, கெடு தவறாமல் கதையும் எழுதி, வாராவாரம் தொலைபேசியில் ஆசிரியரிடம் வசவும் வாங்கிய பையன் அவர். சக பிள்ளைகள் விளையாடிய மாலைகளில், வீட்டுச் செலவுக்காக அவர் முப்பதாம் நூற்றாண்டில் உழைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வீரர்கள் இரண்டுங்கெட்டான் வயதை அனுபவித்தார்கள். அவர் அனுபவிக்கவில்லை.

ஆகவே, பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுவிட்டால் மட்டும் போதாது. சொல்கிறவன் பிள்ளை என்பதையும் மறக்கக் கூடாது. வைசிங்கர் முதலாவதைச் செய்தார். அதனாலேயே ஒரு நல்ல தொடர் பிழைத்தது. இரண்டாவதை அவர் செய்திருந்தால், ஒரு நல்ல பையனும் கொஞ்சம் விளையாடியிருப்பான்.

உங்கள் வீட்டில் இரண்டுங்கெட்டான் வயதில் யாராவது இருக்கிறார்களா? புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, "இந்தக் கதை சரியாகவே இல்லை" என்று அவர்கள் சொன்னால், "போய்ப் பாடத்தைப் படி" என்று விரட்டிவிடாதீர்கள். "எப்படி இருந்தால் சரியாயிருக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வரும். காப்பி ஆறிப் போகும். போகட்டும், கேளுங்கள்.